மூக்கு அதோடது, பொறுமை நம்மளது

நாய்க்கு மோப்பம் பிடிக்கச் சொல்லிக்குடுக்க முடியுமா? முடியாதுங்க. மீன் குஞ்சுக்கு நீச்சல் வகுப்பு எடுத்த கதையாயிடும். வாசனையை உணர்ற செல்கள் மனுஷ மூக்குல 50-60 லட்சம் இருக்கும்னு சொல்றாங்க. நாய்க்கு 20 கோடிக்கும் மேல. அது மட்டும் இல்ல, மூக்கோட அமைப்பே வேற. மூக்குத் துவாரத்தோட ஓரத்துல ஒரு சின்ன வெட்டு மாதிரி இருக்குறதைப் பாத்திருப்பீங்க. மூச்சை வெளிய விடும்போது நாய் அந்த வெட்டு வழியா பக்கவாட்டுல விடும். முன்னாடி இருக்குற வாசனை கலையாம இருக்கும், அடுத்த மூச்சுக்குப் புதுசா உள்ள வரும். இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்தை மூஞ்சில வச்சிட்டுத் திரியுற ஜீவனுக்கு, பக்கத்து அறையில சாம்பார் அடிப்பிடிக்கிறதே தெரியாத நாம என்னத்தைச் சொல்லிக்குடுக்க?

அப்போ பறவை வேட்டை நாய்க்குட்டிக்குப் பயிற்சி, பயிற்சின்னு சொல்றாங்களே, அது எதுக்கு? இது புரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு. அந்த ஆறு மாசக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

நாங்க இருக்குறது அமெரிக்காவுல தெற்கு டகோட்டா மாநிலம், சூ ஃபால்ஸ் பக்கத்துல. (எழுத்துக்கூட்டிப் படிச்சீங்கன்னா 'சியோக்ஸ்'னு வரும். ஊர்ல அப்படிச் சொன்னா சிரிப்பாங்க.) கண்ணுக்கு எட்டுற வரைக்கும் மக்காச்சோளம், சோயா, நடுவுல சம்பங்கோரை மண்டின சதுப்பு நிலம். இந்த ஊரோட கதாநாயகன் ஃபெசன்ட்னு ஒரு பறவை. நம்ம ஊர் சேவல் சைஸ், நீள வால், கழுத்துல வெள்ளை வளையம். பூர்வீகம் சீனா. ஷாங்காய்ல தூதரா இருந்த ஓவன் டென்னிங்கிறவர் 1880கள் தொடக்கத்துல கப்பல்ல ஆரகான் மாநிலத்துக்கு அனுப்பி வச்சதுலதான் அமெரிக்காவுல இது நிலைச்சது. தெற்கு டகோட்டாவுல முதல் ஃபெசன்ட் வேட்டை 1919ல, ஸ்பிங்க் கவுன்டியில, ஒரே ஒரு நாள். 1943ல மாநிலப் பறவையாவே ஆக்கிட்டாங்க. மாநிலப் பறவையைச் சுட்டுச் சாப்பிடுற ஊரை வேற எங்க பாப்பீங்க!

வருஷா வருஷம் அக்டோபர் மூணாவது சனிக்கிழமை சீசன் ஆரம்பம். சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டையைத் தொடக்கூடாது. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு மூணு. அன்னைக்கு இந்த ஊர்ல யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 74 வயசு. விவசாயம் பாத்து ஓய்ஞ்சவர். தனிக்கட்டை. அவரோட பழைய லாப்ரடார் 2023 குளிர்காலத்துல செத்துப்போச்சு. அப்புறம் கொஞ்ச நாள் மனுஷன் வெளியவே வரலை. 2024 ஏப்ரல்ல ஒரு நாள் சட்டைக்குள்ள கையை விட்டுட்டு எங்க வீட்டு வாசல்ல நின்னார். உள்ள ஒரு கறுப்புக் குட்டி. ஏழு வாரம். பெண் குட்டி.

"இதுக்கு நான் எல்லாம் சொல்லிக்குடுப்பேன். ஆனா எறிய முடியாது. நீ எறியணும்"னார். வலது தோள்ல ஆபரேஷன் ஆனதுல இருந்து அவருக்குக் கை தலைக்கு மேல போகாது. நான் பொண்ணுகூட பந்து எறிஞ்சு விளையாடுறதை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்திருக்கார். கோவில்பட்டி பொட்டல்ல டீப் மிட்விக்கெட்ல நின்னு எறிஞ்ச கைக்குக் கடைசியில இப்படி ஒரு வேலை வரும்னு யாருக்குத் தெரியும்?

அவர் வச்ச பேர் பெப்பர். எங்க வீட்டு வாண்டு (ஒன்பது வயசு) அதை மொழிபெயர்த்து 'மிளகு' ஆக்கிட்டா. குட்டி ரெண்டுக்கும் திரும்பிப் பாத்துச்சு.

இங்க ஒரு சின்ன விளக்கம். எங்க ஊர்ப் பக்கம் வேட்டை நாய்னா கன்னியும் சிப்பிப்பாறையும்தான். அதுங்க கண்ணால வேட்டையாடுற ஜாதி. முயல் ஓடுறதைப் பாக்கும், பறக்கும், பிடிக்கும். (அதெல்லாம் தாத்தா காலக் கதை. 1972ல வன உயிரின பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சட்டப்படி வேட்டைக்கு வழியில்லை.) பறவை நாய்ங்க வேற ரகம். பாயின்டர், செட்டர் எல்லாம் பறவை இருக்குற இடத்தை மோந்து கண்டுபிடிச்சுச் சிலை மாதிரி நிக்கும். ஸ்பேனியல் புதருக்குள்ள புகுந்து கிளப்பிவிடும். ரிட்ரீவர் ஜாதியோட முக்கிய வேலை, விழுந்ததைத் தேடி எடுத்துட்டு வந்து கையில குடுக்குறது. லாப்ரடார் இந்த மூணாவது ரகம். கனடாவோட நியூஃபவுன்ட்லாந்து தீவுல மீனவர்களுக்கு வலையும் மீனும் இழுத்துக் குடுத்த தண்ணி நாய்ங்களோட வாரிசு. வாயில எதையாவது கவ்விட்டுத் திரியலைன்னா அதுக்குப் பொழுதே போகாது.

முதல் பாடம் எங்க வீட்டு நடையில நடந்துச்சு. நீளமா, குறுகலா ஒரு நடை. எல்லா அறைக் கதவையும் சாத்தியாச்சு. ஒரு முனையில நான் சப்பணம் போட்டு உக்காந்துக்கணும். முடிச்சுப் போட்ட பழைய சாக்ஸை ஏழெட்டு அடி தள்ளி எறியணும். குட்டி உருண்டு புரண்டு ஓடிக் கவ்வும். கவ்வினதும் எடுத்துட்டு ஓடி ஒளியத்தான் நினைக்கும். ஆனா போக இடம் இல்லை, எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. இருக்குற ஒரே வழி என் மடி. அவ்வளவுதான் சூட்சுமம். துரத்தவே கூடாது. ஒரு தடவை துரத்தினா, 'நான் ஓடுவேன், நீ பிடி'ங்கிற விளையாட்டைப் பழகிக்கும். அப்புறம் அதை மறக்கடிக்க மாசக்கணக்காகும்.

மடிக்கு வந்ததும் சாக்ஸைப் பிடுங்கக் கூடாது. அதுதான் ரெண்டாவது விதி. நெஞ்சையும் முதுகையும் தடவிக்குடுத்து, அது பெருமையா வாயில வச்சிருக்குறதைக் கொஞ்ச நேரம் அனுபவிக்க விடணும். அப்புறம் மெதுவா, கேட்டு வாங்கணும். இழுத்து விளையாடுறதும் கூடாது. இழுக்க இழுக்க பல்லை அழுத்திப் பழகிடும். நாளைக்கு அந்த வாயில பறவை நசுங்கிப் போகும்.

மூணாவது விதி, மூணு தடவை எறிஞ்சா போதும். மிஞ்சிப் போனா நாலு. குட்டி இன்னும் இன்னும்னு குதிக்கும்போதே நிறுத்திடணும். சலிச்சுப் போற வரைக்கும் எறிஞ்சா, அதுக்கு அது வேலையாத் தெரிஞ்சிடும். வாண்டுக்கு இந்த விதிதான் சுத்தமாப் பிடிக்கலை. "அதுக்குப் பிடிச்சிருக்குதானப்பா, ஏன் நிறுத்துறீங்க?"னு தினமும் கேட்டா. "பிடிச்சிருக்குறதாலதான் நிறுத்துறோம்"னார் பெரியவர்.

கேட்டு வாங்குறதுக்கு ஒரு சொல் வேணும்ல? ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொன்னா குட்டி குழம்பும், ஒரே வார்த்தையா வச்சுக்குங்கன்னார். அவர் யோசிக்கிறதுக்குள்ள வாண்டு கையை நீட்டி "குடு"ன்னா. குட்டி சட்டுனு வாயைத் திறந்துடுச்சு. தற்செயல்தான். ஆனா பெரியவர், "முடிஞ்சது. இனி அதுதான் வார்த்தை"ன்னுட்டார். 'டு' அவர் வாயில 'டூ'ன்னு நீளும். மிளகு பெருசா எடுத்துக்கலை.

ஒரு நாள் தங்கமணியோட செருப்பு காணோம். புதுசு, ஊர்ல இருந்து வந்தது. பாத்தா மிளகு அதை வாயில வச்சுட்டு, வாலை உடம்போட சேர்த்து ஆட்டிட்டு எங்களைப் பாத்து வந்துட்டிருக்கு. தங்கமணிக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. பெரியவர் கையைக் காட்டி நிறுத்திட்டு, கஷ்டப்பட்டுக் குனிஞ்சு, ஏதோ தங்க நகையைக் கொண்டு வந்த மாதிரி அதைக் கொஞ்சிட்டு, "குடூ"ன்னு வாங்கினார். அப்புறம் எங்ககிட்ட சொன்னார்: "செருப்பு போனா வேற வாங்கிக்கலாம். உங்ககிட்ட கொண்டு வரணும்ங்கிற ஆசை போயிடுச்சுன்னா அதை எந்தக் கடையில வாங்குவீங்க? கொண்டு வந்ததுக்குத் திட்டு விழுந்தா, அடுத்த தடவை அவ எதையும் கொண்டு வர மாட்டா. எடுத்துட்டு ஒளிஞ்சுக்குவா."

தங்கமணி ஒண்ணும் பேசலை. அன்னைக்கு ராத்திரி, வாண்டு ஸ்கூல்ல இருந்து வந்தா எதையும் வாய் திறந்து சொல்றதில்லைன்னு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம். எங்க இருந்து எங்க போச்சு பாருங்க.

மே மாசம் நடையில இருந்து புல்வெளிக்கு. சாக்ஸுக்குப் பதிலா 'பம்பர்'. கேன்வாஸ்லயோ பிளாஸ்டிக்லயோ செஞ்ச உருளை, குட்டி வாய்க்குத் தகுந்த சின்ன சைஸ்ல கிடைக்கும். வெள்ளை நிறம்னா புல்லுல நல்லாத் தெரியும். கழுத்துல நீளமா ஒரு மெல்லிய கயிறு, எங்கயாவது கிளம்பினா மெதுவா நம்ம பக்கம் திருப்ப. முதல்ல வெட்டின புல், அப்புறம் முழங்கால் உயரப் புல். உயரப் புல்லுல விழுந்தா கண்ணுக்குத் தெரியாது. மூக்கைக் கீழ போட்டுத்தான் ஆகணும். மோப்பப் பயிற்சி இங்கதான் தொடங்குது.

போன சீசன்ல எடுத்த ஃபெசன்ட் இறக்கைகளைப் பெரியவர் ஃப்ரீசர்ல பொட்டலம் போட்டு வச்சிருந்தார். அதுல ஒண்ணைப் பம்பரோட சேர்த்துக் கட்டினோம். முதல் தடவை மோந்ததும் மிளகு அப்படியே நின்னுச்சு. சாக்ஸைக் கவ்வுற விளையாட்டுக் குட்டி இல்ல அது. காது முன்னால வந்து, மூக்கு மட்டும் வேகமா அசையுது. அந்தப் பறவையை அது பிறந்ததுல இருந்து பாத்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துப் போச்சு.

இறக்கையைத் தூண்டில் கம்புல கட்டி முன்னாடி ஆட்டி விளையாட்டுக் காட்டுற பழக்கம் உண்டு. போட்டோவுக்கு அழகா இருக்கும். பெரியவர் அதை ஒரே ஒரு தடவைதான் விட்டார். அதுலயே போனா குட்டி கண்ணை நம்பப் பழகிடும், மூக்கை மறந்துடும்னார். அதுக்குப் பதிலாத் தடம் போட்டோம். ஒரு நீளக் கயிறு, நடுவுல இறக்கை. கயிறோட ஒரு முனையில நான், மறுமுனையில வாண்டு. ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நடக்க, நடுவுல இறக்கை புல்லுல இழுபட்டுட்டே வரும். ஏன் இப்படின்னா, ஒரே ஆள் இழுத்துட்டுப் போனா குட்டி பறவையை விட்டுட்டு அந்த ஆளோட காலடி வாசனையைப் பிடிச்சுட்டுப் போயிடும். கெட்டிக்காரத்தனமா ஏமாத்தும்.

முதல்ல பத்து கெஜம், நேர்கோடு. அப்புறம் இருபது. அப்புறம் ஒரு வளைவு. அப்புறம் போட்ட தடத்தைக் கால் மணி நேரம் ஆற விட்டு. காலையில பனி ஈரம் காயறதுக்குள்ள செய்யணும். ஈரமும் குளிர்ச்சியும் இருந்தா வாசனை புல்லோட ஒட்டி நிக்கும். வெயில் ஏறி வறண்டுட்டா பாதி வேலை கெட்டது.

ஒரு தடவை மிளகு நாங்க இழுத்த கோட்டை விட்டு ஆறேழு அடி தள்ளி, அதுபாட்டுக்கு இணையா ஓடுச்சு. "தப்பாப் போகுது!"ன்னு வாண்டு கத்தினா. பெரியவர் உஷ்னார். குட்டி அப்படியே தள்ளியே ஓடிப்போய், கடைசியில சரியா வளைஞ்சு இறக்கையைக் கவ்வுச்சு. காத்து வாசனையை அந்தப் பக்கம் தள்ளியிருக்கு. "கயிறு எங்க போச்சுன்னு உனக்குத் தெரியும். வாசனை எங்க இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும். அவ வேலையில தலையிடாத"ன்னார். 74 வயசுக்காரர் ஒன்பது வயசுக்குச் சொன்னாலும், காது குடுத்துக் கேட்டது நான்தான்.

ஜூலை மாசம் ரெண்டு கண்டம். ஒண்ணு பல்லு. நாலாம் மாசத்துல இருந்து பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறெல்லாம் புண்ணா இருக்கும். அந்த நேரத்துல எதையாவது கவ்வச் சொன்னா, வலியையும் வேலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கும். அதனால எறியுறது மொத்தமா நிறுத்தம். மோப்ப விளையாட்டு மட்டும்.

இன்னொண்ணு ஜூலை 4. சுதந்திர தினம். நம்ம தீபாவளி மாதிரிதான், சாயங்காலத்துல இருந்து வெடி. பறவை நாய்க்கு வரக்கூடிய பெரிய கேடு துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படுறது. அது பிறவியில வர்றதைவிட மனுஷன் உண்டாக்குறதுதான் அதிகம்னார் பெரியவர். சின்ன வயசுல அவர் அண்ணன் ஒரு குட்டியைத் துப்பாக்கி சுடுற இடத்துக்கு நேரா கூட்டிட்டுப் போய்ப் பழக்குறேன்னு நிறுத்தினாராம். அதுக்கப்புறம் அந்த நாய் செத்துப்போற வரைக்கும், இடி இடிச்சாலே ட்ரக்குக்கு அடியில போய் நடுங்குமாம். அதனால அன்னைக்கு ராத்திரி மிளகு எங்க வீட்டு நிலவறையில. ஜன்னலுக்குப் போர்வை, ஃபேன் சத்தம், டிவியில இளையராஜா பாட்டு. பெரியவர் நாற்காலியில, வாண்டு தரையில, மிளகு அவ மடியில. வெளிய ஊரே அதிருது, உள்ள குட்டி குறட்டை விடுது. அந்த மனுஷன் அன்னைக்கு மூச்சு விட்டதே பதினொரு மணிக்கு மேலதான்.

துப்பாக்கிச் சத்தம் ஆகஸ்ட் கடைசியிலதான் வந்துச்சு. அதுவும் பொம்மைத் துப்பாக்கி, நூறு கெஜம் தள்ளி, மிளகு புறாவைத் துரத்திட்டு ஓடுற அந்தக் கணத்துல மட்டும். காதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியாத அளவு. வாரா வாரம் பத்து கெஜம் கிட்ட. ஒரு நாள் லேசாத் தலையைத் திருப்பினா, மறுபடி இருபது கெஜம் பின்னால. சத்தம் கேட்டா பறவை வரும்னு அதுவே முடிவு பண்ணிக்கிட்டப்போ செப்டம்பர் முடிஞ்சிருந்துச்சு.

அக்டோபர் 19, 2024. நான் சுடலை, சுடவும் தெரியாது. ஆரஞ்சு மேல்சட்டை போட்டுட்டுக் கூட நடந்தேன். அறுத்து முடிச்ச சோளக் கொல்லை ஓரம், சம்பங்கோரைச் சதுப்பு. ஒரு சேவல் கத்திட்டே எழும்புச்சு, பெரியவர் இடது தோள்ல வச்சுச் சுட்டார் (வலது தோளுக்குத்தான் ஆபரேஷனாச்சே, கோடை முழுக்க இடது பக்கம் பழகியிருந்தார்). பறவை கோரைக்குள்ள விழுந்த இடத்தை நான் கண்ணால பாத்தேன். மிளகும் அங்கதான் போச்சு. மோந்துச்சு. ஒண்ணும் இல்லை. சட்டுனு இடது பக்கம் திரும்பிக் கோரைக்குள்ள மறைஞ்சு போச்சு. அடிபட்ட ஃபெசன்ட் விழுந்த இடத்துல கிடக்காது, ஓடும். நாய் இல்லைன்னா, புதருக்குள்ள யாருக்கும் பிரயோசனம் இல்லாமக் கிடந்து துடிச்சுச் சாகும். பெரியவருக்கு நாய் இல்லாம வேட்டைக்கு வரப் பிடிக்காததுக்கு அதுதான் காரணம்.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். கோரை அசையுற சத்தம் கூட இல்லை. நான் கூப்பிடட்டுமான்னு பாத்தேன். அவர் தலையை ஆட்டிட்டார். அப்புறம் எங்களுக்கு நாப்பது கெஜம் தள்ளி, நனைஞ்சு தொப்பலா, வாய் நிறையப் பறவையோட வெளிய வந்துச்சு. நேரா அவர்கிட்ட வந்து நின்னுச்சு. அவர் உடனே வாங்கலை. நெஞ்சைத் தடவினார். கொஞ்ச நேரம் அது பெருமையா வச்சிருக்க விட்டார். அப்புறம் கையை நீட்டி, "குடூ"ன்னார்.

பறவை மேல ஒரு பல் தடம் இல்லை.

வீட்டுல வாண்டு அதைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தா. இறகைத் தொட்டுப் பாத்தா. "நான் சாப்பிட மாட்டேன்"னா. "சரிம்மா"ன்னேன். "மிளகு தப்பு பண்ணலைல்ல?"ன்னா. "இல்லம்மா." அப்புறம், "இறக்கையை மட்டும் ஃப்ரீசர்ல வைங்கப்பா, அடுத்த குட்டிக்கு வேணும்"னா. நாங்க சாப்பிட்டோம். தங்கமணி அதை மிளகு வறுவல்னு சொல்லப்போக, வாண்டு போட்ட கூச்சல்ல பேரை மாத்தி பெப்பர் ஃப்ரைன்னு வச்சோம். அதுவும் செல்லலை. :)

சீசன் முடியுற நேரத்துல பெரியவர் ஒரு நாள் வேலிக்கிட்ட நின்னு கணக்கு சொன்னார். "லாப்ரடார் பன்னண்டு வருஷம் இருக்கும். எனக்கு இப்ப 74. கூட்டிப் பாரு." கூட்டினா 86. அவர் கேட்டது என்னன்னு புரிஞ்சது. தங்கமணிகிட்ட வந்து சொன்னேன். "ஏங்க, சரின்னு அங்கயே சொல்லிட்டு வராம, இங்க வந்து என்கிட்ட கேட்டுட்டு நிக்கிறீங்க?"ன்னா. போய்ச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டிட்டு, "எறியுறதை நிறுத்திடாத"ன்னார். இப்பவும் மிளகு அவர் வீட்டுலதான் தூங்குது. காலையில எங்க வீட்டு நடைக்கு வந்து சாக்ஸ் கேக்கும்.

சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் ஃப்ளாட்ல லாப்ரடார் வளக்குறவங்க நிறைய பேர் இருப்பீங்க. துப்பாக்கியும் வேண்டாம், பறவையும் வேண்டாம். ஒரு நடை இருந்தாப் போதும். கதவைச் சாத்திட்டு பழைய சாக்ஸை எறிங்க. ஒரு சப்பாத்தித் துண்டைத் துணியில சுத்தி ஒளிச்சு வச்சுத் தேட விடுங்க. எதைக் கொண்டு வந்தாலும், உங்க புதுச் செருப்பாவே இருந்தாலும், முதல்ல தடவிக்குடுங்க. அப்புறம் கேட்டு வாங்குங்க. மூணு தடவை போதும். நாலாவதை அது வந்து கேக்கட்டும்.